டேட்டா அனலிட்டிக்ஸ்: பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தப் பட்டம், பி.காமுக்குப் பிறகு எந்த வழி

கேள்வி இதுதான். தங்கை அரசுப் பள்ளியில் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறார். டேட்டா அனலிட்டிக்ஸ் பக்கம் போக ஆசை. பி.டெக் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், பி.எஸ்சி டேட்டா சயின்ஸ், பி.எஸ்சி புள்ளியியல், சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கேள்வியை அனுப்பிய அண்ணன் பி.காம் முடித்து ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். தானும் இந்தத் துறைக்கு மாற முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல பொறியியல் கல்லூரியில் கணினி சார்ந்த இடம் கிடைத்தால் தங்கை அதை எடுக்கலாம். கிடைக்காவிட்டால், பெயர் தெரியாத கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்வதைவிட, நல்ல ஆசிரியர்கள் உள்ள கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி புள்ளியியல் சேர்ந்து, கூடவே எஸ்க்யூஎல்லும் (டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்கும் மொழி) பைத்தானும் (புரோகிராமிங் மொழி) கற்று, எம்.எஸ்சிக்குப் போவது உறுதியான வழி. நீங்களும் மாறலாம். அதற்கு இப்போதைய வேலையை விட வேண்டியதில்லை. அந்த வேலையில் கிடைத்த அனுபவம்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

வேலையில் என்ன நடக்கிறது

டேட்டா அனலிட்டிக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. டேட்டா அனலிஸ்ட் என்பவர் நிறுவனத்தின் டேட்டாபேஸிலிருந்து வேண்டியதை எடுத்து, சரிபார்த்து, கணக்கிட்டு, 'எது ஏன் நடந்தது' என்று சொல்பவர். கையில் எஸ்க்யூஎல், எக்ஸெல், எண்களை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ அல்லது டாப்லோ இருக்கும். டேட்டா இன்ஜினியர் அந்த டேட்டா பல இடங்களிலிருந்து தினமும் ஒழுங்காக வந்து சேரும்படி குழாய் போடுபவர். பைத்தான், பெரிய டேட்டாவைக் கையாளும் ஸ்பார்க், வேலைகளை வரிசையாக ஓட்டும் ஏர்ஃப்ளோ, ஏதேனும் ஒரு கிளவுட் என்று அவருடைய வேலை மென்பொருள் பொறியியலுக்கு நெருக்கமானது. டேட்டா சயின்டிஸ்ட் கணிப்பு மாதிரிகள் கட்டுபவர், சோதனைகளை வடிவமைப்பவர். இந்த இடத்துக்கு முதுநிலைப் பட்டம் கேட்பது வழக்கம். பட்டம் முடித்த கையோடு கிடைப்பது பெரும்பாலும் முதல் வேலைதான். அங்கே இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிறகு மற்ற இரண்டு பக்கமும் கிளை பிரியலாம்.

அனலிஸ்ட் வேலையில் எது தவறிப்போகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு கடையின் ஆர்டர் டேபிளில் மூன்று வரிகள் இருக்கின்றன: 500, 300, 200 ரூபாய். மொத்தம் 1,000. பணம் வந்த விவரம் வேறொரு டேபிளில் இருக்கிறது. 500 ரூபாய் ஆர்டருக்கு இரண்டு தவணையாகப் பணம் வந்ததால் அங்கே அதற்கு மட்டும் இரண்டு வரிகள். ஆர்டர் எண்ணை வைத்து இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து, அதாவது வரிகளைப் பொருத்தி இணைத்து, ஆர்டர் தொகையைக் கூட்டினால் விடை 1,500 என்று வரும். 500 ரூபாய் வரி இரண்டு முறை வந்துவிட்டதுதான் காரணம். எரர் மெசேஜ் எதுவும் வராது. குவெரி (டேட்டாபேஸுக்கு எழுதிய கேள்வி) ஒழுங்காக ஓடி முடியும், மேலாளர் அந்த 1,500-ஐ எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விடுவார். இதைத் தடுக்க, பணம் டேபிளை முதலில் ஆர்டர் எண்வாரியாக குரூப் பை செய்து, ஓர் ஆர்டருக்கு ஒரு வரி என்று சுருக்கிவிட்டுப் பிறகு ஜாயின் செய்ய வேண்டும். ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்ப்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லா வரிகளையும் வைத்திருப்பது) போட்டுவிட்டு, வலப்பக்க டேபிளின் நெடுவரிசைக்கு WHERE பகுதியில் நிபந்தனை வைத்தால் அது சத்தமில்லாமல் இன்னர் ஜாயினாக (இருபக்கமும் பொருந்தும் வரிகள் மட்டும்) மாறிவிடுவதும் இதே வகைத் தவறு. 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்கும் NOT IN பட்டியலுக்குள் ஒரே ஒரு NULL (வெற்று மதிப்பு) புகுந்தால் விடையில் ஒரு வரிகூட வராது.

'டூல் தெரிந்தால் போதாதா, புள்ளியியல் எதற்கு' என்று பலர் கேட்கிறார்கள். ஒரு செயலியில் பட்டனின் நிறத்தை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிறத்தைப் பார்த்த 1,000 பேரில் 50 பேர் வாங்கினார்கள், புதிய நிறத்தைப் பார்த்த 1,000 பேரில் 55 பேர். விற்பனை 10% உயர்ந்தது என்று அறிக்கை எழுதிவிடத் தோன்றும். ஆனால் இவ்வளவு பேரை மட்டும் பார்க்கும்போது இரண்டு விகிதங்களின் வித்தியாசத்துக்குத் திட்டப் பிழையே (தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு) ஏறக்குறைய 1 சதவீதப் புள்ளி. கண்ட வித்தியாசமோ அரைப் புள்ளி. எதுவும் மாறாமல் இருந்தாலும் இவ்வளவு ஏற்ற இறக்கம் தானாகவே வரும். 5 சதவீதம் 5.5 ஆகியிருக்கிறதா என்று வழக்கமான அளவுகோலில், அதாவது 5% முக்கியத்துவ நிலையும் (இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80% திறனும் (இருக்கும் மாற்றத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) வைத்துச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு நிறத்துக்கும் 31,000 பேருக்கு மேல் வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நிறுவனம் தேடுகிறது.

இன்று சாட்ஜிபிடியிடம் கேட்டால் எஸ்க்யூஎல்லை நொடியில் எழுதித் தருகிறது. மாதாந்திர ரிப்போர்ட்டை இழுத்து ஒட்டும் வேலைகள் குறைவது உண்மைதான். ஆனால் அது எழுதித் தரும் குவெரியிலும் மேலே சொன்ன 1,500 வரக்கூடும். அதைப் பார்த்ததும் 'இது தப்பு' என்று பிடிக்கும் கண்ணைத் தருகிற பட்டம் எது என்பதை வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தங்கைக்கு

பி.எஸ்சி புள்ளியியலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை. மூன்று ஆண்டுகளில் நிகழ்தகவு, பரவல்கள், மதிப்பீடு, கருதுகோள் சோதனை, மாதிரிக் கணக்கெடுப்பு முறைகள், சோதனை வடிவமைப்பு, காலத்தொடர் ஆகியவற்றை முறையாகப் படிப்பார். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் இந்தத் துறை இருக்கிறது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. தங்கை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரியில் சேர்ந்ததும் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதிலும் குறை உண்டு. பல கல்லூரிகளில் கணினிப் பகுதி மெலிந்திருக்கும். செய்முறை வகுப்பிலும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கையால் கணக்குப் போடுவார்கள். கையால் ஒருமுறை போடுவது நல்லதுதான், ஆனால் அதோடு நின்றுவிட்டால் வேலைக்கு ஆகாது. இரண்டாவது குறை வளாகத் தேர்வு. பல நிறுவனங்கள் பி.இ., பி.டெக், எம்சிஏ மட்டும் என்று போட்டுவிடும். பி.எஸ்சிக்காரர்களை எடுக்கும் பெரிய ஐடி நிறுவனங்களும் குறைந்த சம்பள நிலையில்தான் தொடங்குவார்கள். அதனால்தான் இந்தப் பட்டத்தை எம்.எஸ்சியோடு சேர்த்து ஐந்தாண்டுத் திட்டமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

பி.டெக் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் நான்கு ஆண்டு, பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர்க்கை. கட் ஆஃப் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே தங்கை கலந்தாய்வுக்குக் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு செய்யும்போது கல்லூரியை முதலிலும் பிரிவை இரண்டாவதாகவும் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், தன்னாட்சி பெறாதவை எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம்தான். வேறுபடுவது ஆசிரியர்களும் வளாகத் தேர்வும். இந்தப் பிரிவு பல கல்லூரிகளில் புதியது என்பதால் யார் பாடம் எடுக்கிறார்கள் என்பது முக்கியம். துறையின் இணையப் பக்கத்தில் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, அவர்கள் என்ன படித்தவர்கள் என்று பாருங்கள். நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐடியோ கிடைத்து, சுமாரான கல்லூரியில் ஏஐ-டேட்டா சயின்ஸ் கிடைத்தால் தயங்காமல் முதலாவதை எடுங்கள். டேட்டா இன்ஜினியராக விரும்புபவருக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் இன்னும் பொருத்தம்.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு வாசல் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி டேட்டா சயின்ஸ். கோவையில் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி, கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் சேரலாம், பொறியியல் கல்லூரிக்குள்ளேயே நடப்பதால் வளாகத் தேர்வும் அந்தச் சூழலில்தான். விண்ணப்பம் பொறியியல் கலந்தாய்வோடு சேராது, கல்லூரிக்குத் தனியாகப் போட வேண்டும். கலந்தாய்வுத் தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதன் கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்கள். என் கணிப்பில் கணிதத்தில் நல்ல பிடிப்புள்ள மாணவிக்கு இது பி.டெக்குக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

பி.எஸ்சி டேட்டா சயின்ஸ், பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் வித் டேட்டா அனலிட்டிக்ஸ், பி.காம் பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்று தனியார் கல்லூரிகளில் வரிசையாக வந்திருக்கும் பட்டங்களை ஒரே தட்டில் வைக்க முடியாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் தரவிறக்கி உட்கார்ந்து படியுங்கள். நிகழ்தகவும் புள்ளியியல் அனுமானமும் சேர்ந்து குறைந்தது இரண்டு செமஸ்டர் இருக்க வேண்டும். நேரியல் இயற்கணிதம் ஒரு தாள், ஆய்வகத்தோடு டேட்டாபேஸ் ஒரு தாள், பைத்தான் அல்லது ஆர் ஆய்வகம், கடைசியில் உண்மையான டேட்டாவை வைத்து ஒரு புராஜெக்ட், இவையும் வேண்டும். அதற்குப் பதில் பிக் டேட்டா அறிமுகம், பிளாக்செயின் அறிமுகம், ஐஓடி அறிமுகம், கிளவுட் அறிமுகம் என்று அறிமுகங்களாகவே நிரம்பியிருந்து, கருதுகோள் சோதனை என்ற பேச்சே இல்லாவிட்டால் அங்கே சேர வேண்டாம். மூன்று ஆண்டு முடிவில் எல்லாவற்றின் பெயரும் தெரிந்திருக்கும், ஒன்றும் செய்ய வராது.

சென்னை ஐஐடியின் பிஎஸ் டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ் 2020-இல் தொடங்கியது. ஜேஇஇ வேண்டாம். பிளஸ் டூ எந்தப் பிரிவானாலும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடங்களைப் படித்து, வாராந்திர அசைன்மென்ட்களில் தேவையான மதிப்பெண் எடுத்து, பிறகு மையத்துக்கு நேரில் போய்த் தகுதித் தேர்வு எழுத வேண்டும். உள்ளே போனதும் ஃபவுண்டேஷன் நிலையில் எட்டுப் பாடங்கள்: கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, கம்ப்யூடேஷனல் திங்கிங், பைத்தான். அடுத்தது புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் என இரண்டு டிப்ளமோக்கள். 114 கிரெடிட்டில் பி.எஸ்சி, 142-இல் பிஎஸ். எந்த நிலையில் நின்றாலும் அதற்குரிய சான்றிதழோடு வெளியே வரலாம். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு வருமானச் சான்றிதழை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா சயின்ஸ் டிப்ளமோவின் புராஜெக்ட் ஒன்றில் உண்மையான ஒரு வியாபாரத்தின் டேட்டாவை வாங்கி ஆராய வேண்டும். வேலைக்கான நேர்காணலில் பேச அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

இதில் எங்கே விழுகிறார்கள் என்றால், வகுப்பு ஆன்லைன் என்பதால் பாடமும் எளிது என்று நினைத்து, கல்லூரிப் படிப்போடு ஒரே டெர்மில் நான்கு பாடம் எடுத்துவிடுகிறார்கள். வினாடி வினாக்களும் இறுதித் தேர்வும் மையத்தில் நேரில் நடப்பவை. பார்த்து எழுத வழியில்லை. ஆண்டுக்கு மூன்று டெர்ம் இருக்கின்றன. முதல் டெர்மில் இரண்டு பாடம் போதும். யுஜிசி 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதிப்பதால், பகலில் பி.எஸ்சி புள்ளியியல், கூடவே இந்த பிஎஸ் என்பது நடக்கக்கூடிய திட்டம்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் இதற்காக ஒதுக்கித் தர முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பட்டத்தில் 'புள்ளியியல்' என்று இருப்பது எங்கே பணமாகிறது

அரசு வேலையில். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, இளநிலைப் பட்டத்தில் புள்ளியியலோ கணிதப் புள்ளியியலோ பயன்பாட்டுப் புள்ளியியலோ ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது அவற்றில் முதுநிலைப் பட்டம் வேண்டும். வயது 21 முதல் 30, பிரிவுக்கேற்பத் தளர்வு உண்டு. பொது ஆங்கிலமும் பொது அறிவும் தலா 100 மதிப்பெண், புள்ளியியல் நான்கு தாள் தலா 200, நேர்முகத் தேர்வு 200, ஆக மொத்தம் 1,200. முதல் இரண்டு புள்ளியியல் தாள்கள் கொள்குறி வகை, அடுத்த இரண்டும் விரித்து எழுத வேண்டியவை. தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். சிவில் சர்வீஸ் தேர்வோடு ஒப்பிட்டால் போட்டியிடுவோர் எண்ணிக்கை மிகக் குறைவு. பி.டெக் படித்தவர்களும் டேட்டா சயின்ஸ் பட்டக்காரர்களும் பலர் இங்கே தகுதிப் பிரிவிலேயே தடுக்கப்படலாம். சேரும் முன்பே இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வில் ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆஃபீசர் பதவி இருக்கிறது, அடிப்படை ஊதியம் 35,400. இதற்கு ஏதேனும் ஒரு பட்டத்தோடு பிளஸ் டூ கணிதத்தில் 60% இருந்தாலோ, பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலோ போதும். பி.காம் முடித்த நீங்களும் பிளஸ் டூவில் கணிதம் எடுத்து 60% வாங்கியிருந்தால் தகுதி உண்டு. இதற்கென்று புள்ளியியலில் தனித் தாள் எழுத வேண்டும். மாநில அரசில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு டிஎன்பிஎஸ்சி ஆள் எடுக்கிறது. முதுநிலை முடித்தால் ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரி பணியில் புள்ளியியல், தகவல் மேலாண்மைத் துறைக்கென்று தனித் தேர்வே இருக்கிறது.

தனியாரிலும் புள்ளியியல் பட்டத்துக்கென்று ஒரு மூலை உண்டு. புதிய மருந்துகளின் மருத்துவச் சோதனை டேட்டாவைக் கையாளும் நிறுவனங்கள் சாஸ் (SAS என்ற புள்ளியியல் மென்பொருள்) புரோகிராமர்களாகவும் உயிரியல் புள்ளியியலாளர்களாகவும் எம்.எஸ்சி புள்ளியியல் முடித்தவர்களை எடுக்கின்றன. பெங்களூரு, ஹைதராபாத், சென்னை மூன்றிலும் இந்த வேலை உண்டு. காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி (இடர்களைக் கணக்கிடும் நிபுணர்) ஆவதற்கான தேர்வுகள் இன்னொரு நீண்ட, கடினமான, ஆனால் உறுதியான பாதை.

எம்.எஸ்சிக்கு எங்கே என்றால், ஐஐடிகளுக்கு ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள். புதுச்சேரி உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பிஜி. சென்னைப் பக்கமே சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் எம்.எஸ்சி டேட்டா சயின்ஸ் நடத்துகிறது. தனி நுழைவுத் தேர்வு, சிறிய வகுப்பு, கணிதத்தில் சமரசமே இல்லாத இடம். மகலனோபிஸ் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்.ஸ்டாட் இந்தத் துறையில் உச்சம் என்றே சொல்வேன். பி.டெக் முடித்தவர் எம்.டெக் போக விரும்பினால் 2024 முதல் கேட் தேர்வில் டேட்டா சயின்ஸ் மற்றும் ஏஐக்கு தனித் தாள் வந்திருக்கிறது. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், பைத்தான், டேட்டாபேஸ், மெஷின் லேர்னிங் எல்லாம் அதில் உண்டு. அந்தத் தாளின் பாடத்திட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு நல்ல டேட்டா பட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான அளவுகோல்.

உங்களுக்கு

ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர் டேட்டா வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். கொள்முதல் ரிஜிஸ்டரை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு (விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒப்பிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 2பி மாதம் 14-ஆம் தேதி வரும். டாலி கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த ரிஜிஸ்டரில் பில் எண் 'ஐஎன்வி/045' என்றிருக்கும், விற்றவர் '45' என்று ஏற்றியிருப்பார். ஒரு இடத்தில் பின்னால் ஒரு ஸ்பேஸ், இன்னொரு இடத்தில் தேதி எழுத்து வடிவில், வரித் தொகையில் முப்பது பைசா வித்தியாசம். எக்ஸெல்லில் VLOOKUP போட்டால் பாதி வரிகள் பொருந்தாமல் நிற்கும், பிறகு மாலை வரை கண்ணால் தேடுவீர்கள்.

இதைப் பவர் குவெரியில் செய்து பாருங்கள், அது எக்ஸெல்லுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பட்டியலையும் உள்ளே இழுத்து, 15 எழுத்து ஜிஎஸ்டிஐஎன்னை (ஜிஎஸ்டி பதிவு எண்) டிரிம் செய்து, முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை நீக்குங்கள். பில் எண்ணில் எழுத்து, கோடு, முன்னால் வரும் பூஜ்யங்களை நீக்கி ஒரு புதிய நெடுவரிசை உருவாக்குங்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் பொருத்துவதற்கான சாவியாக வைத்து மெர்ஜ் (ஜாயின் போன்றதுதான்) செய்யுங்கள். வரித் தொகையின் வித்தியாசம் 1 ரூபாய்க்குள் இருந்தால் 'பொருந்தியது', அதற்கு மேல் இருந்தால் 'தொகை வேறு', மறுபக்கம் வரியே இல்லாவிட்டால் '2பி-யில் இல்லை' என்று பிரியுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: எழுத்துகளை நீக்கும்போது ஒரே விற்பனையாளரின் 'ஏ/45', 'பி/45' என்ற இரண்டு பில்களும் ஒன்றாகிவிடும். மெர்ஜுக்கு முன் சாவி இரட்டிக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மேலே சொன்ன 1,500 ரூபாய்த் தவறுதான் இங்கேயும் வருகிறது. அடுத்த மாதம் புதிய ஃபைலை வைத்து ரெஃப்ரெஷ் அழுத்தினால் போதும்.

இங்கிருந்து ஆறு முதல் ஒன்பது மாதத்தில் போக வேண்டிய வரிசை: பவர் குவெரியும் பிவட்டும் ஒரு மாதம். எஸ்க்யூஎல் மூன்று மாதம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம், வீட்டு லேப்டாப்பில் நிறுவிக்கொள்ளலாம். ஜாயின், குரூப் பை, கேஸ், விண்டோ ஃபங்ஷன் வரை வர வேண்டும். பிறகு பவர் பிஐ இரண்டு மாதம். இதில் விஷுவல்களை அழகுபடுத்துவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஃபேக்ட் (நடந்த பரிவர்த்தனைகள்), டைமென்ஷன் (பொருள், வாடிக்கையாளர் போன்ற விவரங்கள்) என்று டேபிள்களைப் பிரித்து ஸ்டார் ஸ்கீமாவாக அமைப்பதும், கால்குலேட் ஃபங்ஷன் ஃபில்டரை எப்படி மாற்றுகிறது என்பதும் புரிந்தால் போதும், மற்றவை தானே வரும். பைத்தான் கடைசியில். அடிப்படைப் புள்ளியியல் இந்த எல்லா மாதங்களிலும் கூடவே வர வேண்டும். முதலில் பைத்தானிலும் மெஷின் லேர்னிங்கிலும் குதித்துவிட்டு எஸ்க்யூஎல் தேர்வில் தோற்றுத் திரும்புவதுதான் இந்தப் பாதையில் அதிகம் நடக்கும் விபத்து.

விண்ணப்பிக்கும்போது டேட்டா சயின்டிஸ்ட் என்று தேடாதீர்கள். எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ், ஃபைனான்ஸ் அனலிஸ்ட், ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட், ஆடிட் அனலிட்டிக்ஸ் என்று தேடுங்கள். சென்னையில் பன்னாட்டு நிறுவனங்களின் ஜிசிசி அலுவலகங்கள் (தங்கள் உலகளாவிய வேலைகளைச் செய்ய அவை நடத்தும் சொந்த மையங்கள்) பலவற்றில் நிதிப் பிரிவு பெரியது. டெபிட், கிரெடிட், டிடிஎஸ், ஜிஎஸ்டி தெரிந்தவர் எஸ்க்யூஎல்லும் எழுதினால் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரியைவிட உங்களுக்கு மதிப்பு அதிகம்.

இருவருக்கும்: புராஜெக்ட், நேர்காணல், பணம்

டைட்டானிக் பயணிகள், ஐரிஸ் பூக்கள் என்று எல்லோரும் செய்த புராஜெக்ட்டை ரெஸ்யூமில் போடாதீர்கள். அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தைவாரியாகத் தினசரி விலை கிடைக்கிறது. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் நடந்த விலை என்று மூன்று நெடுவரிசை, எல்லாம் குவிண்டாலுக்கு. சில நாட்கள் பதிவே இருக்காது, சில இடங்களில் கிலோ விலையை ஏற்றியிருப்பதுபோல் நூறு மடங்கு குறைந்த எண் நிற்கும். அவற்றை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், விடுபட்ட நாட்களை நிரப்பினீர்களா, விட்டீர்களா, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதினால் அதுவே நல்ல புராஜெக்ட். இன்னும் ஆழம் வேண்டுமானால் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தொழிலாளர் கணக்கெடுப்பின் தனிநபர் அளவிலான டேட்டாவை இலவசமாகத் தருகிறது. அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எடை, அதாவது அந்த நபர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்ற எண், உண்டு. எடையைப் பெருக்காமல் நேரடியாகச் சராசரி எடுத்தால் வேலையின்மை விகிதம் தவறாக வரும். வெளியிட்ட அறிக்கையின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று சொன்னாலே நேர்காணல் எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

நேர்காணலில் முதல் சுற்று பெரும்பாலும் எஸ்க்யூஎல்தான். துறைவாரியாக அதிகச் சம்பளம் வாங்கும் மூவர், முந்தைய மாதத்தோடு ஒப்பிட்ட வளர்ச்சி, தொடர்ந்து மூன்று நாள் உள்ளே வந்த பயனர்கள் என்று கேட்பார்கள். தரவரிசை போடும் டென்ஸ் ரேங்க் (DENSE_RANK), முந்தைய வரியை எடுக்கும் லேக் (LAG) இரண்டும் கையில் ஓட வேண்டும். அடுத்த சுற்றில் 'விற்பனை 10% குறைந்திருக்கிறது, எப்படிப் பார்ப்பீர்கள்' என்பது நிச்சயம் வரும். உடனே காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். டேட்டா முழுதாக வந்து சேர்ந்ததா, விற்பனை என்பதன் வரையறை மாறியதா, போன ஆண்டு இதே காலத்தோடு ஒப்பிட்டால் எப்படி என்று கேளுங்கள். பிறகு விலையா எண்ணிக்கையா, புதிய வாடிக்கையாளரா பழையவரா, எந்த ஊர் என்று பிரியுங்கள். சராசரிகளைச் சராசரி எடுக்கும் பொறியும் இங்கே வைப்பார்கள். 40 பேர் கொண்ட வகுப்பின் சராசரி 70, 10 பேர் கொண்ட வகுப்பின் சராசரி 50 என்றால் மொத்தச் சராசரி 66. அவசரத்தில் 60 என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாகப் பயிற்சி மையங்கள். '100% வேலை உறுதி' என்று எழுதி ஒன்றரை, இரண்டு லட்சம் கேட்கும் இடங்களில் கையெழுத்துப் போடும் முன், 'மாதத் தவணை' என்று அவர்கள் சொல்வது கல்விக் கட்டணத்தின் தவணையா, உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடனா என்று தாளில் பாருங்கள். கடன் என்றால், பாதியில் நிறுத்தினாலும் மையமே மூடிப்போனாலும் நிதி நிறுவனத்துக்கு நீங்கள் கட்டியாக வேண்டும், சிபில் கணக்கும் உங்களுடையதுதான் கெடும். வேலை உறுதி என்பதற்குக் கீழே சிறிய எழுத்தில் வருகைப் பதிவு, தேர்வு மதிப்பெண், 'நாங்கள் அனுப்பும் எந்த ஊர், எந்தச் சம்பளத்தையும் ஏற்க வேண்டும்' என்ற நிபந்தனைகள் இருக்கும். அவர்கள் கற்றுத்தருவதில் பெரும்பகுதியை என்பிடெல், ஸ்வயம் தளங்களில் ஐஐடி ஆசிரியர்களிடமே இலவசமாகக் கேட்கலாம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் சிறிய தேர்வுக் கட்டணம். தங்கை கல்லூரியில் சேர்ந்ததும் நான் முதல்வன் தளத்தில் அந்தக் கல்லூரிக்கு எந்த டேட்டா பாடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள், அதற்கும் கட்டணமில்லை. பணம் கையில் இருந்தால் 16 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப்பை வாங்குங்கள், இருவரும் பயன்படுத்தலாம்.